ஐந்து பூஜ்யம்

பகாவில் நாங்கள் ரிங்கிட்டை
வெள்ளி என்றுதான் சொல்வோம்.
வெள்ளி கொடுத்துப் பொன் வாங்குகிறேன் என்றால்
பசாரில் சிரிப்பார்கள்.
அதனால் சொல்வதில்லை.

தும்பாட்டிலிருந்து வரும் இரவு ரயில்
விடியுமுன் இங்கே மூன்று நிமிடம் நிற்கும்.
மூன்றாவது பெட்டிக் கதவில் வான் ரொஸ்னானி,
கையில் பழைய பிலிம் டப்பா.
நான் உறையை நீட்டுவேன், அவள் டப்பாவை.
பேரம் முன்னமே போனில் முடிந்திருக்கும்.
"காக் செண்பா, சாப்பிட்டாச்சா?" என்பாள்,
காலை ஐந்து மணிக்கு.

பஞ்சுக்குள் ஒரு காசு.
சட்டைப் பொத்தானைவிடச் சிறிது.
நாலரைக் குன்றிமணி எடை.
கிளந்தானில் ஏதோ ஒரு கொட்டகையில்
யாரோ ஒருவன் ஓங்கி அடித்த ஒரே அடி.
அச்சு நழுவியதில்
மானுக்குக் கொம்பு விழவில்லை.

மான் என்றா சொன்னேன்? கீஜாங்.
அகராதியில் கேளையாடு என்று இருக்கிறது.
காளை என்று வாதாடுகிறவர்களும் உண்டு.
எனக்கு அது, மேய்ச்சலுக்கு நடுவில்
காலடி கேட்டுத் தலைதூக்கிய ஏதோ ஒன்று.
மறுபக்கம் அரபு எழுத்தில் இரண்டே சொல்:
மாலிக்குல் ஆதில். நீதியுள்ள அரசன்.
எந்த அரசன்? பெயர் இல்லை, ஆண்டும் இல்லை.
பெயரை விட்டுவிட்டு
நீதியை மட்டும் பொறிக்கச் சொன்னவன்
கெட்டிக்காரன்.

ஐந்து சேர்ந்திருக்கின்றன, உளுந்து டின்னுக்குள்.
"ஒரு பல் கட்டக்கூடக் காணாதே" என்றார்
என் வீட்டுக்காரர் வில்பிரட்.

பகலில் எனக்கு வேறு தராசு.
செம்பனை ஆலை வாசலில்
அறுபது டன் தாங்கும் இரும்புப் பாலம்.
ஒருநாள் மத்தியானம், லாரி வராத நேரம்,
பாலத்தின் நடுவில் ஒரு காசை வைத்துவிட்டு
ஓடிவந்து கண்ணாடிவழி பார்த்தேன்.
ஐந்து பூஜ்யம்.
நானே ஏறி நின்றேன்: ஐம்பத்தெட்டு கிலோக்காரிக்கு
அறுபது போட்டது.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

கண் தெரியாத அந்த இடத்தில்தான்
மேனேஜர் அம்புரோஸ் கை வைத்தார்.
பழம் ஈரம், இருபது கழி.
மண் ஒட்டியிருக்கு, நாற்பது கழி.
மண்டை பிளக்கும் வெயிலிலும் பழம் ஈரம்.
மாதக் கடைசியில் எனக்கு ஓர் உறை,
மேலே அவர் கையெழுத்தில் 'ஓவர்டைம்'.
அதைத்தான் பிரிக்காமலே
ரயில் கதவில் நீட்டியிருக்கிறேன்.
ஐந்து முறை.

ஐந்தாவது காசு எடை குறைந்தது.
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
விளிம்பைச் சுற்றி நகம் வெட்டியதுபோல் ஒரு வெட்டு.
என்ன ஒரு பொறுமை அவனுக்கு!
மிருகத்தைத் தொடவில்லை,
எழுத்தைத் தொடவில்லை,
நீதியுள்ள அரசன் முழுசாக இருக்கிறான்.
நாற்பது வெள்ளி திருப்பித் தருகிறேன் என்றாள் ரொஸ்னானி.
வேண்டாம் என்றேன்.
அந்தக் கத்தரிக்காரனை எனக்குப் பழக்கம் என்று
மலாயில் எப்படிச் சொல்வது,
தமிழில்தான் எப்படிச் சொல்வது?

இன்று பாக் ஜொஹாரியின் லாரி,
கிழிந்த நீலத் தார்ப்பாய்.
வண்டி எடை போக மூவாயிரத்து நானூற்று எண்பது.
கண்ணாடிக்கு அந்தப்புறம்
மேனேஜர் இரண்டு விரலைக் காட்டினார்.
மூவாயிரத்து நானூற்று எண்பது என்று அடித்தேன்.
பிரிண்டர் எப்போதும்போல் கிரீச்சிட்டது.
பாக் ஜொஹாரி சீட்டைப் படிக்கவில்லை.
என்றைக்குமே படித்ததில்லை.
நாலாய் மடித்து சிகரெட் பெட்டிக்குள் செருகிக்கொண்டு
போய்விட்டார்.

சாயங்காலம் ரொஸ்னானியின் செய்தி:
ஆறாவது ஒன்று கிடைத்திருக்கிறதாம்.
தலை பின்னால் திரும்பியிருக்கிறதாம்,
அவளே இதுவரை கண்டதில்லையாம்.
முந்நூற்று எண்பது வெள்ளி, வியாழன் ரயில்.

உறை இல்லாமலும் ஸ்டேஷனுக்குப் போகலாம்தானே.
பிளாட்பாரத்தில் நின்றபடி,
அவள் டப்பாவைத் திறந்து காட்டினால்,
தொடாமல்,
மூன்று நிமிடம்.