விசிறியை நிறுத்திய இரவு

சித்திரைக் கடைசியில் வந்த முதல் லோடு.
கிளிமூக்கு மாங்காய்க் காம்போடு ஒடிந்த கிளையில்
காய்ந்த நுரை மாதிரி ஒரு கட்டி.
கழிவில் தள்ளு என்றான் சூப்பர்வைசர்.
நான் சோற்று டப்பாவில் தள்ளி
பழையபேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
ஏனென்று கேட்டால்
இன்றும் பதில் இல்லை.

பதினெட்டாம் நாள் விடிகாலை
ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்
நூல் நூலாய்த் தொங்கின
எறும்பளவு கும்பிடுபூச்சிகள்.
எழுபத்துமூன்று வரை எண்ணினேன்.
கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

சாயங்காலம் வந்து எண்ணினால் நாற்பதுதான்.
வாய் கட்டிய கொசுவலையில் ஓட்டை ஏதுமில்லை.
மிச்சமிருந்தவை
காலையைவிடக் கொஞ்சம் பருத்திருந்தன.

முக்கால்வாசியைப் பின்பக்க முருங்கையில் விட்டேன்.
ஊறுகாய் பாட்டில், பிஸ்கட் டப்பா என்று
ஆறுக்குத் தனித்தனி வீடு.
ஆனி முடிவதற்குள் ஐந்து வீடு காலி.

இரைக்குப் பஞ்சமில்லை.
கூழாலையில் பத்து மணிநேரம் நின்றவள் உடம்பில்
எத்தனை சோப்புக்கும் போகாது மாம்பழ வாசனை.
பழ ஈக்கள் என்னோடு வண்டியேறி
என்னோடே இறங்கும்.
துப்பட்டாவை உதறினால்
அதற்கு ராச்சாப்பாடு.
சென்னகேசவன் முகத்தைத் திருப்பிப் படுக்கிற வாசனைக்கு
ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கீழ்வீட்டு ரிஸ்வானா பார்த்துவிட்டு
துஆ கேட்குது பாரேன் என்றாள்.
பால் ஊற்ற வந்த முனிரத்தினம்
இல்லம்மா, பெருமாளைக் கும்பிடுது என்றார்.
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஓர் ஈயைப் பிடித்து
தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
"யாருகிட்ட கேட்டா என்ன,
கிடைச்சுருச்சுல்ல" என்றாள் ரிஸ்வானா.

நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும்
அதன் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி
கூடவே நகரும்.
அது பார்வை இல்லையாம், கண்ணின் அமைப்பாம்;
மாடிவீட்டு அறிவியல் டீச்சர் சொன்னார்.
இருக்கட்டும்.
பார்க்கிற மாதிரியாவது இருக்கிறதே.

ஆடிக் கடைசியில் இரண்டு நாள் பட்டினி கிடந்தது.
நாங்கள் படுக்கும் கொசுவலையின் உச்சிக்கு ஏறி
தலைகீழாய்த் தொங்கிவிட்டது.
தோல் உரிக்கும்போது விழுந்தால்
கால் கோணிவிடும், சிறகு சுருங்கிவிடும்.
போன தடவை ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.
விசிறியை நிறுத்தினேன்.

கிரானைட் பட்டறை ஷிப்ட் முடிந்து
புருவமெல்லாம் வெள்ளைத் தூளாய்
வந்து நின்றான் சென்னகேசவன்.
ஊரே புழுங்குகிறது.
சையத் பாஷா மலைப்பக்கமிருந்து
ஓர் இலையளவு காற்றுகூட இல்லை.
சுவிட்சுக்கு நீண்ட கையைப் பிடித்தேன்.
மேலே காட்டினேன்.
திட்டுவான் என்றுதான் நினைத்தேன்.

முதுகு பிளந்தது.
தன்னிலிருந்தே தான் நழுவி
கால்களை ஒவ்வொன்றாக உருவி
நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.
நனைந்த ரூபாய்த்தாள் போல் கசங்கிய சிறகு
வாழைக்குருத்தாய் விரிய ஒரு மணிநேரம்.
வேர்வை காதுக்குள் இறங்க
மல்லாந்து கிடந்தோம்.
"விழுந்துருமா?"
ரகசியமாய்க் கேட்டான்.
விழுந்துரும், பேசாதே என்றேன்.
காலையில் அந்த வெறும் தோலை அவன்தான் எடுத்து
பர்ஸில் வைத்துக்கொண்டான்.
நான் கேட்கவில்லை.

ஆவணி பிறந்த வாரம் ஆலை கேட்டைப் பூட்டினார்கள்.
அடுத்த சீசனுக்குப் போன் வருமாம்.
நாலு நாளில் என் கூந்தலில்
வெறும் சீயக்காய் வாசனை.
ஈக்கள் முகவரி மறந்துவிட்டன.
அது பாட்டிலின் சுவரைப் பிடித்து
தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

அன்றைக்கு ராத்திரி
சென்னகேசவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்
ஒரு தீப்பெட்டி.
உள்ளே வெட்டுக்கிளி.
"கல்லுத்தூள் பட்டிருந்துச்சு,
ஈரத்துணியால தொடச்சுட்டேன்."

பாட்டிலுக்குள் விட்டோம்.
அது பாயவில்லை.
கையிரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு
லேசாக ஆடியது,
இல்லாத காற்றில் இலை ஆடுகிற மாதிரி.
சோறு ஆறுகிறது என்றேன்.
இரு, இரு என்றான்.