பத்து சென்ரிமீற்றர் தண்ணீர்

மெசினின் அமுக்கத்தைத் தண்ணீரால்தான் அளக்கிறார்கள்.
எனக்கு எழுதித் தந்தது பத்து சென்ரிமீற்றர்.
உட்துறைமுகக் கரையில் இறங்கினால்
கணுக்காலோடு நின்றுவிடுகிற தண்ணீர்.
தொண்டை மூடாமல் பிடிக்க அது காணும் என்றார்கள்.
மூன்று வருசம் கண்டதுதான்.

முகமூடியோடு படுத்த முதல் இரவு விடிந்தபோது
ஆரோ என் தலைக்குள் யன்னல்களைத்
துடைத்துவிட்டிருந்தார்கள்.
பாயோடு பக்கத்து அறைக்குப் போயிருந்த செல்வரூபன்
அந்தக் கிழமையே திரும்பி வந்தார்.
"குறட்டை ஆம்பிளையளின்ர வருத்தமெல்லோ?"
என்று கேட்ட மச்சாளுக்கு
மறுமொழி சொல்லவில்லை, சிரித்தேன்.
நன்றாக முழித்திருந்து சிரித்தேன்.

இந்த ஆவணியிலிருந்து ஏதோ பிழை.
காலையில் மெசினின் திரையில் பச்சை நிறச் சிரிப்பு முகம்.
மணித்தியாலத்துக்கு இரண்டு தரம்தான் மூச்சு நின்றதாம்.
அதைப் பார்க்கிற எனக்கு
நெற்றிக்குள் ஈயம்.

எட்டரை வாசிப்புக்கு மேட்டில் ஏறி
வானிலை நிலையத்துப் பாதரசத்தின் முன்
கண் திறந்தபடி தூங்கி
1009.4 ஐ 1094 என்று அனுப்பிவிட்டேன்.
கொழும்பிலிருந்து உடனே அழைப்பு:
"மிஸ், உலகத்தில எங்கயுமே இல்லாத அமுக்கம்
உங்கட திருகோணமலையில!"
அவன் பகிடியாகத்தான் சொன்னான்.
நான் கழிவறைக்குள் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இரவு பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனேன்.
மெசின் மடியில், வயரில்லாமல்.
பஸ் முழுக்க என் தொண்டையைக் கேட்டுவிடும் என்று
ஹபரணை வரைக்கும் கிள்ளிக் கிள்ளி முழித்திருந்தேன்.
இளம் டொக்டர். இலக்கங்களைப் பார்த்தார்.
"எல்லாம் நல்லாத்தானே இருக்கு."
"இலக்கம் நல்லா இருக்கு டொக்டர்."
இரண்டு சென்ரிமீற்றர் கூட்டிவிட்டார்.
மாதவிலக்கு நின்றது, ஒன்பது கிலோ கூடினது
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லாமல் வந்துவிட்டேன்.
அது என் பிழை.

திரும்பி வந்து இறங்கிய விடியலில்
பஸ் நிலையத்து மான்கள்
யாருடையதோ கண்ணீர் அஞ்சலியைச்
சுவரிலிருந்து கிழித்து மென்றுகொண்டிருந்தன.
ஒன்று மட்டும் படுத்திருந்தது.
கண் மூடியிருந்தது, காது மூடவில்லை.
எனக்கு அதைத் தெரியும் போலிருந்தது.

பன்னிரண்டு சென்ரிமீற்றர் வயிற்றுக்குள் போனது.
விடிய விடிய ஏப்பம்.
ஒரு சாமத்தில் முகத்தில் வெளிச்சம் பட்டு விழித்தால்
செல்வரூபன் ரோச்சோடு குனிந்து நிற்கிறார்,
கள்ளனைப் பிடித்தவர் மாதிரி.
"இடப்பக்கம் திரும்பேக்க
கண்ணுக்குக் கீழால காத்துப் போகுது.
பதினேழு எண்ணினன். பிறகுதான் இழுத்தனீ."
வாரின் ரப்பர் இளகிப்போய்க் கிடந்தது.
புது வார் கொழும்பிலிருந்து வரவேண்டும்.
அதுவரைக்கும் தன் தூண்டில் நரம்பால்
இரண்டு தையல் போட்டுத் தந்தார்.
மீன் படாத ஞாயிறுகளின் நரம்பு.

சில இரவு பிடிக்கிறது. சில இரவு இல்லை.
அடுத்த தவணை மாசியில்.
டொக்டருக்குக் காட்ட என்று ஒரு கொப்பி வாங்கி
அலுவலகப் பழக்கத்தில் கோடு போட்டேன்:
படுத்த நேரம், எழும்பிய நேரம், தலைப்பாரம்,
பகலில் எங்கே தூங்கி விழுந்தேன்.
மாதவிலக்கையும் கிலோவையும் முதல் பக்கத்திலேயே
எழுதிவிட்டேன், பெரிய எழுத்தில்.
ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில்
அவர் தன் கையால் ஒரு நிரல் சேர்த்தார்:
எண்ணினது.
பதினேழு. பன்னிரண்டு. இருபத்தொன்று. ஒன்பது.

இன்று ஐந்தரை வாசிப்புக்குப் புறப்படும்போது
கொப்பியைத் திறந்தேன்.
அவருடைய கட்டம் வெறுமை.
கட்டிலில் வாய் பிளந்து கிடக்கிறார்,
நெஞ்சில் ரோச், இன்னும் எரிந்தபடி.
அணைத்துவிட்டேன்.
தலைப்பாரம் என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
வெளியே காற்று கொண்டலுக்கு மாறியிருக்கிறது.
அதை நான் எழுதத்தான் வேண்டும்.