எடைமேடை

மொத்த எடை, காலி வண்டி எடை.
கழித்தால் வருவது குப்பை.
பெருங்குடியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இவ்வளவுதான்.

இருதயராஜின் லாரி மேடையில் ஏறி நிற்கிறது.
பதினாலாயிரத்து முந்நூற்றிருபது.
தார்ப்பாயின் மேல் காகம் நான்கு,
ஒரு மைனா, எண்ணி மாளாத ஈ.
அவை பறந்த பிறகும் அதே எண்.
இருபது கிலோவுக்குக் குறைந்த உயிரை
எங்கள் இயந்திரம் ஒப்புக்கொள்வதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் சதுப்பு.
கன்னியப்பனின் எருமைகள் கோரைக்குள் இறங்கும்,
ஆளுக்கொரு கொக்கோடு.
எருமை கால் வைக்க, வெட்டுக்கிளி கிளம்ப,
கிளம்பியது கொக்குக்கு.
எருமைக்கு இதில் வரவுமில்லை செலவுமில்லை.
உண்ணிக்கொக்கு என்று பெயர்;
அது உண்ணி பிடுங்கி நான் பார்த்ததில்லை.

சீமைக்கருவேலத்தில் கரிச்சான் கூடு.
அதே மரத்தில், இரண்டு கிளை தள்ளி,
ஒரு புறாவும் ஒரு கொண்டைக்குருவியும் குடித்தனம்.
இந்தச் சண்டைக்காரன் பக்கத்திலா என்று கேட்கத் தோன்றும்,
பருந்தின் மண்டையில் அவன் கொத்தித் துரத்துவதைப்
பார்க்கும்வரை.
சில நாள் பருந்தே வராமல் கத்துவான்.
மைனா பயந்து புழுவைப் போட்டுவிட்டு ஓடும்.
எடுத்துக்கொள்வான்.
காவல் கூலி என்று எழுதுவதா, திருட்டு என்றா?
என் பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

தண்ணீரை மூடிக்கொண்டு ஆகாயத்தாமரை.
மேலே இலைக்கோழி நடக்கிறது, விரல் அகட்டி.
கீழே ஜிலேபிக் கெண்டைக்கு மூச்சு முட்டுகிறது.
வாய் பிளந்து மேலே வரும் இடைவெளியில்
நாரை ஏற்கெனவே நிற்கிறது.

டிசம்பரில் ஓரிரவு தண்ணீர் ஏறியது.
சாலை போனது, வேலி போனது,
மேடை மட்டும் ஒரு சாண் மிச்சம்.
நான் அறைக்குள் மேசைமேல்.
வெளியே ஒவ்வொன்றாக வந்தன:
நாய்கள் மூன்று, கன்னியப்பனின் கன்று,
ஒரு சாரை, நனைந்த எலிகள்,
இறக்கை சொட்டும் நீலத் தாழைக்கோழி.
பேட்டரியில் திரை எரிந்துகொண்டிருந்தது.
நாற்பது. அறுபது. நூற்றிருபது.

முதல்முறையாக இயந்திரம்
அவற்றைச் சேர்த்து ஒரு எண்ணாகச் சொன்னது.
எழுதினேன்.
எதைக் கழிப்பதென்று தெரியாமல்
அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இரண்டு மணிக்கு ஒரு சத்தம், சின்னது.
டார்ச் அடித்தேன்.
நாயின் வாயில் நீல இறகு.
கன்று நகரவில்லை. சாரை இருந்த ஓரத்தில்
எலிகளும் குறைந்திருந்தன.
திரையைப் பார்த்தேன்.
நூற்றிருபது.

இருபதுக்குக் குறைந்தது என்பதாலா,
தின்றதும் தின்னப்பட்டதும்
ஒரே மேடையில் இருந்ததாலா,
தெரியவில்லை.

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள்
மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டி
விரல் வைத்துக் கேட்டார்:
இது எந்த வண்டி?