முப்பத்தெட்டு எம்பி

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
பேக்கரி வாசலில் நின்றால்தான்
என் போனுக்கு நான்கு கோடும் நிமிரும்.
எருத்தேம்பதி வீட்டில் ஒன்று.
காற்றடித்தால் அதுவும் இல்லை.

திங்கள் இரவு ஏழரைக்கு
ஸ்கூட்டியை ஓரம் கட்டித் தேடினேன்:
ஒன்பதாம் வகுப்பு, ஒளிவிலகல், இலவசம்.

இலவசம் என்ற சொல்லுக்கு
இத்தனை அர்த்தம் இருப்பதை
எந்த அகராதியும் சொன்னதில்லை.
ஒன்று பதினான்கு நாள் இலவசம்,
அதற்கு முன்பே கார்டு எண் கேட்டது.
ஒன்றில் முதல் நிமிடம் மட்டும்:
கதிர் கண்ணாடியின் விளிம்பைத் தொட்டதும்
பூட்டுப் படம் வந்து விழுந்தது.
மலையாளத்தில் அருமையாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.
'அபவர்த்தனம்' என்றது ஒரு குரல், அவசரமில்லாமல்.
எனக்குப் புரிந்தது.
என் பிள்ளைகளுக்கு அது பஸ் போர்டு படிக்கிற மொழி,
பரீட்சை எழுதுகிற மொழியில்லை.
தமிழில் கிடைத்ததெல்லாம் அந்தப் பக்கத்துப் பாடத்திட்டம்.
அவர்களுக்கு ஆறாவது பாடம், எங்களுக்கு முதலாவது.
அவர்கள் படத்தில் இருக்கும் சொல்
எங்கள் புத்தகத்தில் வேறு சட்டை போட்டிருக்கும்.

ஜலீல் ராவுத்தர் மூன்றாவது டீயை வைத்துவிட்டு
"என்ன டீச்சர், ரிசல்ட் பாக்குறீங்களா?" என்றார்.
கோழி லாரி ஒன்று
கணக்குக் காட்ட நின்று, நாறிவிட்டுப் போனது.

ஒன்பது மணிக்கு மேல் கிடைத்தது.
யாரோ, எந்த ஊரிலோ,
காசு வாங்காமல் செய்துவைத்த சின்ன நிரல்.
விளக்கை விரலால் நகர்த்தலாம்.
காற்று, நீர், கண்ணாடி, மாற்றி மாற்றிப் போடலாம்.
பேச்சே இல்லை, அதனால் மொழியும் இல்லை.
நெட் இல்லாமலும் ஓடும்.
முப்பத்தெட்டு எம்பி.
இறங்கி முடியும்வரை
மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

மறுநாள் மூன்றாம் பீரியட், கரண்ட் இல்லை.
ஒரு போன், முப்பத்தோரு தலை.
ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகையில்
ஒளி திசை மாறுகிறது என்றேன்.
"ஊடகம்னா?"
"மீடியம்."
"நம்ம தமிழ் மீடியம் மாதிரியா?"
கனகவேல் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை.
அவன் அக்கா பிளஸ் ஒன்னில் மீடியம் மாறி
ஒரு வருஷம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள்.

பின்பெஞ்சிலிருந்து சகாய லின்சி:
"போனுக்குள்ள எதை வேணா வளைக்கலாம் டீச்சர்.
நெசத்துல வளையுமா?"

அதற்கு என்னிடம் லிங்க் இல்லை.
சோற்றுப்புரையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர்,
அடியில் ஐந்து ரூபாய்.
காசு மறையும்வரை பின்னால் போ என்றேன்.
போனாள். மறைந்தது.
நசீர் தண்ணீர் ஊற்ற ஊற்ற
அவள் குதிகாலை உயர்த்தவில்லை, கழுத்தை நீட்டவில்லை,
"வருது" என்றாள்.
"டீச்சர், மேல வருது."

அப்புறம் முப்பது பேருக்கும்
ஒவ்வொரு முறை அது எழுந்து வந்தது.
மணி அடித்துவிட்டது.
அடுத்த பீரியட் மலையாளம்;
வாசலில் நின்ற ஷீபா டீச்சரும்
சாக்பீஸோடு வரிசையில் சேர்ந்தார்.

கனகவேல் என் போனில் படம் எடுத்தான்.
கொஞ்சம் ஆடுகிறது.
கணவாய்க் காற்று நடுவில் மைக்கை அறைகிறது.
நான் ஒளிவிலகல் என்கிறேன்,
பின்னால் ஷீபா அபவர்த்தனம் என்கிறார்,
நடுவில் எவனோ தும்முகிறான்.

காசை ஈரத்தோடு லின்சியிடம் திருப்பிக் கொடுத்தேன்.
அது அவள் பஸ் காசு.

இன்று மறுபடி பேக்கரி வாசல்.
இரண்டு நிமிடம் பதினோரு நொடி
மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.
விலைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
பாடத்திட்டம் எது என்று ஒரு கட்டம்;
டம்ளர், தண்ணீர், ஐந்து ரூபாய் என்று எழுதினேன்.
எழுபத்தொன்பது சதவீதத்தில் நிற்கிறது.
ராவுத்தர் கேட்காமலே
அடுப்பைக் கூட்டுகிறார்.