இருபத்தெட்டாம் வரிசை

வசந்த் விஹாரில் ஒரு வாடகை வீடுதான்
எங்கள் தூதரகம்.
எங்கள் என்றா சொன்னேன்?
ஒன்பது வருஷமாய் விசா முத்திரை குத்துகிறேன்,
நாக்கு அப்படித்தான் வரும்.
நாட்டின் பெயர் வேண்டாம்.
சொன்னால் வரைபடத்தில் தேடுவீர்கள்,
பக்கத்து நாட்டின் பெயர் நீண்டு ஓடும் இடத்தில்
கடைசி எழுத்தின் காலடியில் கிடக்கும்.

சாணக்யபுரியில் பெரியவர்களுக்குச்
சொந்த மதில், சொந்த மயில்.
எங்களுக்கு வீட்டுக்காரர் குக்ரேஜா.
மொட்டைமாடியில் கொடிக்கம்பம் நட
அவரிடம் எழுதிக் கேட்டு வாங்கிய அனுமதி
ஃபைலில் இருக்கிறது.

ஜனவரி இருபத்து மூன்று,
அணிவகுப்பின் முழு ஒத்திகை.
பார்க்க வேண்டும் என்றார் இரண்டாம் செயலர் ஒஸ்மின்.
டிக்கெட் எடுத்தேன், இருபத்தெட்டாம் வரிசை.
பனிமூட்டத்தில் ஒட்டகங்கள் போயின,
பேண்டு போயிற்று,
பிறகு நீள லாரியின் முதுகில்
மல்லாந்து படுத்துக்கொண்டு
அது வந்தது.
முன் வரிசைக் குழந்தைகள் எழுந்து நின்று கத்தினார்கள்.
ஒஸ்மின் கைதட்டவில்லை.
கோட்டுப் பைக்குள் கை.
லாரி போன பிறகும்
அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களிடம் ஒன்று,
ஒன்றே ஒன்று இருந்திருந்தால்..."

ஓர் இரவில் எல்லைக்கம்பி
நானூறு மீட்டர் நடந்து வந்ததாம்.
காலையில் மாமியார்
கோழிக்கூட்டைத் திறக்கப் போனால்
பாஸ்போர்ட் கேட்டார்களாம்.
சண்டையா என்றேன்.
"இல்லை. எங்கள் மந்திரி போன் செய்தார்.
மூன்று நாள் மணி அடித்தது."

சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது.
குறுக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உங்கள் நாடு,
அதை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?
காற்று திரும்பினால்
சாம்பல் யார் தோட்டத்தில் விழும்?
ஆனால் என் வாயில் ஒரு லட்டு இருந்தது.

தொண்ணூற்றெட்டு, மே மாதம்,
ஆர்.கே.புரம் நாலாம் செக்டார்.
அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த டப்பா.
எதற்கென்று கேட்காமல் இரண்டு தின்றேன்.
மறுநாள் பேப்பர் பார்த்து,
எதற்கென்று தெரிந்து,
மூன்றாவதையும் தின்றேன்.
பந்தியில் உண்டு எழுந்தவள்
வாசலில் நிற்பவனிடம்
பட்டினி உடம்புக்கு நல்லது என்பதா?

அதனால் வேறொன்று சொன்னேன்.
அடுத்த கோடையில் அதே செக்டாருக்கு
மலையிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
மூன்றாம் மாடி நேகியின் அண்ணன்.
ஆணி அடித்திருந்தார்கள், திறக்க விடவில்லை.
எங்களிடம் இருந்தது,
எதிரில் இருந்தவர்களிடமும் இருந்தது,
இருந்தும் வந்தது பெட்டி.

ஒஸ்மின் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, மிக மரியாதையாக,
"ஆனால் உங்கள் கோழிக்கூடு
இடம் மாறவில்லையே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றுவரை இல்லை.

காரில் விட்டுவந்த போனை எடுத்தார்.
மாமியாரிடமிருந்து செய்தி.
அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன்
விடியுமுன் கம்பிக்கு மேலாக
நாலு நாலாய் முட்டை எடுத்துத் தருகிறானாம்.
பெயர் சொல்ல மாட்டானாம்.
அடுத்த மாதம் அவனை
மாற்றிவிடுவார்கள் போலிருக்கிறது.
படித்துக் காட்டிவிட்டு ஒஸ்மின் சிரித்தார்,
சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை குக்ரேஜா ஆள் அனுப்பினார்:
கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து
கீழ் அறைக்கு ஈரம் இறங்குகிறது,
கம்பத்தை எடுத்துவிடுங்கள்.

ஒஸ்மின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு
அரை மூட்டை சிமெண்டோடு
மாடி ஏறினார்.
நான் பின்னால்
வாளியில் தண்ணீர் எடுத்துப் போனேன்.