நூலோட்டம்

சட்டையைக் கவுண்டரில் விரித்தான் எஃப்ராயீம்.
இடது பக்கம், பட்டன் பட்டிக்கு ஓரமாய்
நான்கு விரல் நீளக் கிழிசல்.
ஆணியில்லை, பஸ் கம்பியில்லை,
கையால் கிழித்தது.
இழையைப் பார்த்தாலே தெரியும்.

"பத்து நிமிஷம் உட்கார், அடிச்சுத் தர்றேன்."
"அடிக்கக் கூடாதுக்கா.
முப்பது நாள் முடிஞ்சிடுச்சு, இனிமே
நூலோட்டம் மட்டும் போடலாம்.
அம்மாவுக்காகக் கிழிச்சதை
எப்பவும் முழுசா மூடக் கூடாது."
முப்பது நாள் தாடிக்குள்ளிருந்து சொன்னான்.

இந்தத் தலைக்கு முதல் குல்லா நான் தைத்தது.
புரசைவாக்கத்தில் கடை போட்ட வருஷம்.
சிம்ஹா அக்கா ஜாக்கெட்டில் மிஞ்சிய வெள்ளை சாட்டின்.
எட்டாம் நாள் பேர் வைக்கிறோம், அதற்குள் வேண்டும் என்றாள்.
அளவு?
சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிசு.
கொச்சியிலிருந்து ரயிலேறி வந்த ஒருவர்
மாடியில் சுன்னத்து செய்தார்.
வீல் என்ற அலறல் கடைவரை கேட்டது.
பஞ்சில் ஒயின் தொட்டு வைத்ததும்
சப்பிக்கொண்டே தூங்கிவிட்டானாம்.

கல்யாணத்துக்கு விதானத் துணி,
நாலு மூலையிலும் கழி நுழைய உறை.
பெண் தானேக்காரி, மண்டபம் கீழ்ப்பாக்கம்.
கடைசியில் அவன் கிளாஸை மிதித்து உடைத்தபோது
ஐயோ என்று கத்தியது நான் ஒருத்திதான்.
நாங்கள் சுடுகாட்டில் அல்லவா பானை உடைப்போம்.
என் தோளைப் பிடித்துக்கொண்டு
சிம்ஹா அக்கா இருமல் வரும்வரை சிரித்தாள்.

போன மாதம் விடிகாலையில் ஷட்டரைத் தட்டினான்.
வெள்ளைப் பருத்தி, ஒன்பது மீட்டர்.
"பாக்கெட் வேண்டாம்.
முடிச்சுப் போடாம, கையால தைக்கணும்.
எங்கள்ல தைக்கறவங்க ஊர்ல யாருமில்லை."
நான் அளவு கேட்கவில்லை.
தோள் பதினாலரை.
கைச்சுற்று போன வருஷம் ஓர் அங்குலம் குறைந்தது,
பென்சிலால் நோட்டில் திருத்தியிருந்தேன்.
முடிச்சில்லாத நூல்
ஒவ்வோர் இழுப்புக்கும் உருவிக்கொண்டு வந்தது.
அதன் வாலை விரலால் அழுத்தியபடியே தைத்தேன்.
அன்றைக்கு எந்த பிளவுஸும் டெலிவரி இல்லை.

பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம்.
ஊரில் நாலு பேர்.
என் வீட்டுக்காரர், கட்டிங் மாஸ்டர், இஸ்திரி தேவராஜ் என்று
எண்ணத் தொடங்கினேன்.
"கணக்குல வராதுக்கா. ஆனா வரச் சொல்லுங்க."
வந்தார்கள்.
தேவராஜ் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு
வெயில் மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

பூ வைப்பதில்லை, கல்தான் என்றார்கள்.
முல்லைப் பந்தைப் பைக்குள்ளேயே விட்டேன்.
வெளியே மெட்ரோக்காரன் கொட்டிய குவியலில்
ஒரு ஜல்லி பொறுக்கிக்கொண்டு
திரும்பிப் போய் வைத்தேன்.
பூவை மெஷின்மேல் போட்டது,
மூன்று நாள் கடையெல்லாம் வாசம்.

இப்போது ஊசி கோத்தேன்.
பழகிய கை, நெருக்கமாய்ப் போகிறது.
பிரித்தேன்.
மறுபடி, அரை அங்குலத்துக்கு ஒன்று, சாய்வாய்,
நடுவில் பனியன் தெரியட்டும் என்று.

அங்கேயே போட்டுக்கொண்டான்.
வேண்டாம் என்றதற்கும் இருபது ரூபாய் வைத்தான்.
ஒரு நூல்முனை தொங்கியது.
கத்தரியைத் தேடி நிமிர்வதற்குள்
வண்டி தானா தெரு திரும்பிவிட்டது.