இல்லாத குன்றின் உயரம்

கரடிக்கல் குன்று இப்போது இல்லை.
பதினோரு வருடம் வெடி வைத்து
பலகை பலகையாய் அறுத்து
ஓசூர் வழியே லாரியில் அனுப்பிவிட்டார்கள்.
இருந்த இடத்தில் பள்ளம்,
பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்,
தண்ணீரில் யாரோ விட்ட வாத்துகள்.

எங்கள் எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும்
அது இன்னும்
மூவாயிரத்து இருநூற்று நாற்பது அடி.

பயிற்சி விமானம் ஒவ்வொன்றும்
தரையிறங்கும் முன் பள்ளத்தின் மேல்தான் திரும்பும்.
ஒவ்வொரு முறையும் பெட்டி அலறும்.
தாழ்வு, தாழ்வு என்று
திரையில் சிவப்பு எழுத்து துடிக்கும்.
போன வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்று.
எண்ணுவது என் வேலை.
நிறுத்துவது என் வேலை இல்லை.
அதற்கு வரைபடம் மாற வேண்டும்,
வரைபடம் மாற நில அளவை வேண்டும்,
அளவைக்குக் குவாரிக்காரர் கையெழுத்து வேண்டும்.
அவரோ
அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டியவர்.

மூன்று கடிதம் போட்டேன்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது:
கருவி நன்னிலையில் உள்ளதா என உறுதி செய்க.
சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
நன்னிலை என்று எழுதினேன்.
பொய் இல்லை.
அதற்குத் தெரிந்ததை அது சரியாகத்தான் கத்துகிறது.

வீட்டில் குக்கர் ஆறு விசில் அடித்தும்
நான் திரும்பவில்லை என்றாள் மனைவி.
பருப்பு அடிப்பிடித்திருந்தது.

"காது குத்துது சார்" என்று திம்மராயன்
முதலுதவிப் பெட்டியைத் திறந்து
ஒலிபெருக்கியின் வாயில் பிளாஸ்திரி ஒட்டினான்.
முதல் நாள் ஒன்று.
வாரக் கடைசிக்குள் மூன்று அடுக்கு.
காயம் யாருக்கென்று நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ஏழு மணி.
ஜெயசீலியின் ஷிப்ட்.
பனி தரையைத் துடைத்துவிட்டிருந்தது.
தனியாகப் பறக்கப் பழகும் பையன்
வழக்கத்தைவிட அகலமாய்
வடக்கே திரும்பிக்கொண்டிருந்தான்.
திரையில் எதுவும் துடிக்கவில்லை.
பெட்டி எதுவும் சொல்லவில்லை.
பிளாஸ்திரிக்குப் பின்னாலும் சொல்லவில்லை;
பிறகு பதிவை எடுத்துப் பார்த்தேன்,
ஒரு முனகல் கிடையாது.

அவள்தான் நாற்காலியைத் தள்ளி எழுந்தாள்.
கிளைம்ப். இமிடியட்லி கிளைம்ப்.
ஏறினான்.
எஞ்சின் சத்தம் மாறுவது
பனிக்குள்ளிருந்து எங்களுக்குக் கேட்டது.

ஒன்பது மணிக்குப் பனி விலகியது.
அங்கே உயர்மின் கோபுரம் ஒன்று
இன்னும் கம்பி இழுக்காத கைகளை நீட்டி
உச்சி விளக்கு இல்லாமல் நின்றது.
எங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறும் ராகிக் கொல்லை.

எப்படித் தெரியும் என்றேன்.
கெலமங்கலம் பஸ், இடப்பக்க ஜன்னல், என்றாள்.
"செவ்வாய்க்கிழமை இடுப்பு வரைக்கும் இருந்தது.
வியாழன் தோள் வந்துச்சு.
நேத்து தலை வெச்சுட்டாங்க."

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து அது.
அந்த எச்சரிக்கைக்கு
நாங்கள் காசுகூடக் கொடுக்கவில்லை.

பதிவேட்டில்
தவறாக வந்த எச்சரிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு.
வராமல் போனதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஒன்று.

திம்மராயன் யாரும் சொல்லாமலே
பிளாஸ்திரியை உரித்தான்.
பசை போகவில்லை.
இப்போது அலறல்
சளி பிடித்த குரலில் வருகிறது.

நான்காவது கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு
கோபுரப் படி இறங்கினேன்.
பதினெட்டுப் படி, மெருகேற்றிய கருங்கல்.
கட்டியபோது வந்த பில் என் பீரோவில்தான் இருக்கிறது;
அதில் குவாரியின் பெயர் கரடிக்கல்.

ஏழாவது படியில் இருக்கும்போது
மேலே மறுபடி அலறல்.
வாத்துகளுக்கு மேலே ஏதோ விமானம் திரும்புகிறது,
தெரியும்.
இருந்தாலும்
ஏறிப் போய்ப் பார்த்தேன்.